வைக்காட்டோவில் எந்த ரைகிராஸ் போடுவது?

தம்பி, நியூசிலாந்தின் வைக்காட்டோ வட்டாரத்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் 4 ஹெக்டேர் இடம் வாங்கியிருப்பதாகவும், 12 இறைச்சி மாட்டுக் கன்றுகளை மேயவிட்டு, மிஞ்சும் புல்லைக் காயவைத்து ஹே கட்டி விற்க நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். விதைக் கடையில் ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லில் ஐந்தாறு ரகங்களின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், எதை வாங்குவது என்று கேட்டீர்கள். நான் இந்தப் பக்கப் பால் பண்ணைகளிலேயே பல வருஷம் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் கோ-4, கோ-5 தீவனப் புல் நட்டு அறுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு முதல் கேள்வி ஏக்கருக்கு எத்தனை டன் என்பதுதான். இங்கே அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். ரகத்தின் பெயருக்குப் பின்னால் ஏஆர்1, ஏஆர்37, என்இஏ2 என்று போட்டிருக்கிறதே, முதலில் பார்க்க வேண்டியது அது. அது புல்லுக்குள் இருக்கும் பூஞ்சை வகையின் பெயர். ரைகிராஸ் செடிக்குள் எண்டோஃபைட் என்ற பூஞ்சை குடியிருக்கிறது. விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், வெளியே கண்ணுக்குத் தெரியாது. அது சுரக்கும் நச்சுதான் புல்லைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுகிறது. பழைய மேய்ச்சல் நிலங்களில் இருக்கும் சாதாரணப் பூஞ்சை லோலிட்ரெம் என்ற நச்சையும் சேர்த்துச் சுரக்கும். கோடையில் புல்லை அடிவரை மேயும்போது, மாடு நடுங்கித் தள்ளாடி விழும். இதற்குக் காரணம் இந்தப் பூஞ்சை என்பதை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1981-ல்தான் வெளியிட்டார்கள். வேறு நிலத்துக்கு மாற்றினால் மாடு தேறிவிடும். ஆனால் இங்கே வடிகால்கள் அதிகம், தள்ளாடும் கன்று அதில் விழுந்தால் போச்சு.

அப்படியானால் பூஞ்சையே இல்லாத விதை வாங்கலாமே என்று தோன்றும். வைக்காட்டோவில் அது நிலைக்காது. கருவண்டு அடித்தண்டைக் கடிக்கும், அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். கோடை முடியும்போது புல்லைக் கையால் இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். ஏஆர்1 மாட்டுக்கு நல்லது, தள்ளாட்டம் வராது, அர்ஜென்டினா தண்டு வண்டையும் தடுக்கும். ஆனால் கருவண்டு முன்னால் அது சுமார்தான். தெற்குக் கோடியில் சவுத்லாந்தில் இருக்கும் நண்பர் யாராவது ஏஆர்1 பிரமாதம் என்று சொன்னால் அவர் சொல்வதும் சரிதான், அந்தக் குளிரில் கருவண்டுத் தொல்லை இல்லை. உங்கள் மண்ணுக்கு ஏஆர்37 அல்லது என்இஏ2.

இரண்டில் எது? ஹே யார் வாய்க்குப் போகிறது என்று பாருங்கள். ஏஆர்37 கருவண்டு, வேர் அசுவினி, போரினாப் புழு என்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும், உங்கள் கன்றுகளுக்கும் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் குதிரைக்கு ஆகாது. கேம்பிரிட்ஜோ குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். சின்னக் கட்டு ஹேக்கு அங்கே நல்ல விலை தருபவர்களில் குதிரைக்காரர்கள் நிறைய. புல் காய்ந்தாலும் நச்சு அதிலேயே தங்கும். எனவே ஹே முழுக்க உங்கள் மாட்டுக்கே என்றால் ஏஆர்37 போடுங்கள். வெளியே விற்பது உறுதி என்றால் என்இஏ2-தான் என் தேர்வு. அதில் லோலிட்ரெம் மிகக் குறைவு, கருவண்டையும் நன்றாகவே தாங்கும். எதைப் போட்டாலும் வாங்குபவரிடம் இன்ன புல் என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

அப்புறம் கதிர் வரும் நாள். பட்டியலில் நூயி என்ற பழைய ரகத்தைப் பூஜ்யமாக வைத்து, மற்றவற்றுக்கு +3, +16, +20 என்று எண் போட்டிருப்பார்கள். நூயி அக்டோபர் கடைசி வாக்கில் கதிர் தள்ளும், மற்றது அத்தனை நாள் கழித்து. இங்கே ஹே அறுக்க வெயில் அமைவது டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும்தான். சீக்கிரம் கதிர் வந்த புல் அதற்குள் நம் வைக்கோலைவிடக் கொஞ்சம் மேல் என்ற நிலைக்கு வந்துவிடும். +14-க்கு மேல் உள்ள ரகங்களில் அந்த நேரத்திலும் இலை கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஆனால் பின்தங்கிக் கதிர் வரும் ரகம் வசந்தத் தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகவே எழும். ஆகஸ்ட், செப்டம்பரில் கன்றுக்குத் தீனி இடிக்கும் என்பதால் எல்லா நிலத்துக்கும் +20 போட வேண்டாம்.

டெட்ராப்ளாய்டு (குரோமோசோம் இரட்டிப்பாக்கிய) ரகம் மாட்டுக்குப் பிடித்த புல், இலை அகலம், சாறு அதிகம். அந்தச் சாறுதான் ஹேக்கு எதிரி, காய நேரமாகும். மழைக்காலத்தில் மிதிபட்டால் நிலமும் சீக்கிரம் கிழிந்துபோகும். நீங்கள் இரட்டிப்பாக்காத டிப்ளாய்டு போடுங்கள், அடர்த்தியாகப் படரும். இத்தாலியன் ரைகிராஸ் குளிர்காலத்தில் வேகமாக வளரும், ஆனால் ஓரிரண்டு வருஷத்தில் ஆள் காலி. அடுத்து அங்கே வேறு பயிர் வைப்பவர்களுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம்.

ஹெக்டேருக்கு 20 கிலோ விதை, கூடவே வெள்ளை க்ளோவர் (பயறு வகைத் தீவனச் செடி) 4 கிலோ, மார்ச்–ஏப்ரலில் விதையுங்கள். எல்லா நிலத்தையும் ஒரே வருஷத்தில் உழுதுவிட வேண்டாம், கன்று எங்கே மேயும்? பழைய புல்லின் விதை மண்ணில் இருந்தால் பழைய பூஞ்சையோடு திரும்ப முளைக்கும். அதனால் புல்லை மருந்தடித்துக் கொன்று, ஒரு கோடை டர்னிப் அல்லது சிக்கரி போன்ற தீவனப் பயிர் வைத்துவிட்டு, பிறகு விதைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையில் போன வருஷ மூட்டை இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறார் என்றால் வாங்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் விதை முளைக்கும், உள்ளே பூஞ்சை செத்திருக்கும்.

அறுப்புக்கு ஆள் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. ஒப்பந்தக்காரர்கள் பெரிய பண்ணைகளை முடித்துவிட்டுத்தான் சின்ன இடத்துக்கு வருவார்கள். நாலைந்து நாள் நல்ல வெயில் இல்லையென்றால் பிளாஸ்டிக் சுற்றிய சைலேஜ் (புளிக்கவைத்த பசும்புல்) கட்டாக மாற்றிவிடுங்கள். ஈரத்தோடு கட்டிய ஹே உள்ளே சூடேறிக் கொட்டகையையே கொளுத்திவிடும். இன்னொன்று, ஒரு டன் ஹே நிலத்திலிருந்து சுமார் 20 கிலோ பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வருஷமும் அதே பேடக்கில் (வேலியிட்ட மேய்ச்சல் துண்டில்) அறுக்காமல் மாற்றி மாற்றி அறுங்கள்.

விதை வாங்கும் முன் மண் சோதனை கொடுத்து, பிஎச், ஓல்சன் பி (மண்ணிலுள்ள பாஸ்பரஸ் அளவு) இரண்டு எண்களையும் எழுதுங்கள். பிஎச் 5.8-க்குக் கீழே இருந்தால் முதல் செலவு சுண்ணாம்புக்கு, விதையை அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிவைக்கலாம்.