கீமோ நடக்கும்போது மூலிகை கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்சோரூபிசின் ஏற்றுகிறார்கள், அது இதயத்தைப் பாதிக்கலாம் என்றார் டாக்டர். மஞ்சளிலுள்ள குர்குமின், கிரீன் டீ இவற்றின் கேப்சூல் கொடுத்தால் இதயம் தப்பிக்கும், செடியிலிருந்து வருவதுதானே என்கிறார் சித்தி. கொடுக்கலாமா?

பதில்: கீமோ முடியும்வரை வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். சிவப்பாக நரம்பில் இறங்குகிறதே, அந்த மருந்து இதயத்தசைக்குள் இரும்போடு சேர்ந்து செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைக் கிளப்பிவிடும். அவற்றை அடக்கும் என்சைம்கள் இதயத்தில் குறைவு, செத்த தசை மறுபடி வளர்வதும் அநேகமாகக் கிடையாது. அப்படியானால் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் (குர்குமினும் கிரீன் டீயும் இந்த வகைதான்) கொடுத்தால் போதுமே என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். எலிகளிடம் குர்குமின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ரால் எல்லாம் நல்ல பலன் காட்டின. மனிதர்களிடம் அந்த அளவு உறுதியான சான்று இல்லை. குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதே சொற்பம், அதனால் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள், அதுவோ கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் விதத்தையே மாற்றிவிடக்கூடியது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொன்று. டாக்சோரூபிசின் உள்ளிட்ட கீமோ எடுத்த 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2019 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை கீமோவுக்கு முன்பும் நடுவிலும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அம்மா விஷயத்தில் அந்த ரிஸ்க் எதற்கு?

பழம், காய்கறி, சமையலில் போடும் மஞ்சள் இதற்கெல்லாம் தடையில்லை, அம்மாவுக்கு வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள்.

இதயத்தை உண்மையில் காப்பது மருந்தின் மொத்த அளவைக் கட்டுக்குள் வைப்பதும் எக்கோ (இதய ஸ்கேன்) பார்ப்பதும்தான். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் இதயச் செயலிழப்பு அபாயம் வேகமாக ஏறுகிறது; மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் 4 சுற்றுகளில் சேர்வது 240தான். டாக்சோரூபிசின் அதிகம் தேவைப்படுவோருக்கு டெக்ஸ்ராசாக்சேன் என்ற காப்பு மருந்து இருக்கிறது, அதற்குச் சற்று முன்னால் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தால் இதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஏற்கெனவே கேப்சூல் ஆரம்பித்துவிட்டீர்களா? திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள், அடுத்த முறை போகும்போது டப்பாவையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அப்புறம், படுத்தால் மூச்சு முட்டுவது, காலில் வீக்கம், படி ஏறினால் திடீர் இளைப்பு என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். கீமோ முடிந்து வருடங்கள் ஆனபிறகு வந்தாலும், முன்பு டாக்சோரூபிசின் ஏறியது என்று அப்போது பார்க்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.