தெரபி ஷீட்டில் 80 சதவீதம் என்றால் என் மகன் கற்றுக்கொண்டுவிட்டானா?

ஆட்டிசம் உள்ள 7 வயது மகனுக்கு தெரபி சென்டரில் ஒரு மாதமாக 80 சதவீதம் என்றே எழுதித் தருகிறார்கள், வீட்டிலோ எதையும் தானாகச் செய்வதில்லை, பயிற்சியை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அன்றன்று குறித்த ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நான் சேலத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர். அம்மாப்பேட்டையில் ஒரு பையனுக்குத் தட்டுவடை செட் போடக் கற்றுக்கொடுத்தோம். (செய்ததைச் சாப்பிடலாம் என்பதால் தனியாகப் பரிசு தேவைப்படவில்லை!) தட்டுவடையைத் தட்டில் வைப்பது, சட்னி தடவுவது, துருவிய பீட்ரூட், காரட் வைப்பது, இன்னொரு தட்டுவடையால் மூடுவது, எடுத்துக் கொடுப்பது என்று ஐந்து படி. ஐந்தில் நான்கு வந்தால் 80 சதவீதம். தொடர்ந்து மூன்று நாள் 80 வந்தால் போதும் என்று அடுத்த பாடத்துக்குப் போவது பல இடங்களில் வழக்கம். படிவாரியாகப் பார்த்தால் தினமும் விட்டுப்போனது ஒன்றேதான், சட்னி. ஸ்பூனை அழுத்துவான், தட்டுவடை நொறுங்கும், அம்மா கைபிடித்து முடித்துவிடுவார். சட்னி இல்லாமல் செட் ஏது?

மற்ற நான்கையும் நாங்கள் தொடவில்லை. சட்னியைக் கொஞ்சம் தளர்த்தி, சின்ன ஸ்பூன் கொடுத்து, நொறுங்காத சப்பாத்தித் துண்டில் தடவ விட்டோம். அது கைவந்த பிறகுதான் தட்டுவடை.

ஷீட்டில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: எவ்வளவு உதவியோடு செய்தான் என்பது. கைபிடித்தா, சைகை காட்டியா, சொல்லியா, தானாகவா? போன வாரம் கைபிடித்துச் செய்ததை இந்த வாரம் விரல் நீட்டினாலே செய்கிறான் என்றால் அது முன்னேற்றம்தான், சதவீதம் அசையாவிட்டாலும். உங்கள் மகன் வீட்டில் செய்யாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். சென்டரில் கிடைக்கும் சைகை வீட்டில் கிடைப்பதில்லை. அன்றைய பயிற்சி தொடங்கும் முன், எந்த உதவியும் இல்லாமல் ஒருமுறை செய்யச் சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இரண்டு படத்தில் ஒன்றை எடுக்கும் பயிற்சி என்றால் 50 சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். எப்போதும் வலது பக்கத்தையே எடுத்தாலும் பாதி சரியாக வரும்.

எப்போது மாற்றுவது? மூன்று முதல் ஐந்து நாள் குறிப்புகள் மேலே நகராமல் நின்றால் யோசிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அன்றன்றைய குறிப்புகளை வரையும் கிராஃபில் மாற்றிய நாளுக்கு நேராக மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். ஸ்பூன், நேரம், ஆள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று சரிந்தால் பாடத்தில் கை வைக்காதீர்கள். தூக்கம், காய்ச்சல், புது மருந்து இவற்றை முதலில் பாருங்கள்.

சரி, சென்டரில் அப்படி ஷீட் எதுவும் வைப்பதில்லை, மொத்தமாகத்தான் போடுகிறோம் என்றால்? அந்த 80 எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பே இல்லை.