அம்மா வெட்டுன எலாஸ்டிக்கும் ஆர்பிஎம்20-ம்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அம்மாவப் பாக்க சுங்கை சிப்புட் வந்தப்ப, எங்க தாமான் கோயில் மண்டபத்துல இதயம் வீங்குற நோயப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசச் சொன்னாங்க. நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க, கேஎல்ல ஒரு லேப்ல ஆர்என்ஏ வேலை பாக்குற ஆளு, அத மொதல்லயே சொல்லிட்டுத்தான் மைக்க புடிச்சேன். பேசி முடிச்சு மீகூன் பொட்டலத்த பிரிக்கறதுக்குள்ள கேள்வி ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம் வாட்சாப்புல வாய்ஸ் மெசேஜ் வேற. ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா பதில் சொல்லி மாளாது, அதனால இங்க மொத்தமா எழுதிடறேன்.

படிவம் 6 படிக்கிற தங்கச்சி: ஆர்பிஎம்20-னு சொன்னீங்களே, அது என்ன? எங்க நோட்ஸ்ல ஸ்ப்ளைசிங் பத்தி ரெண்டே வரிதான் இருக்கு.

ரெண்டு வரியாவது இருக்கேம்மா, நாங்க படிச்சப்ப அதுவும் இல்ல. சரி, ஜீன்ல எழுதியிருக்கறத செல்லு அப்படியே ஆர்என்ஏவா காப்பி எடுக்குது, ஆனா அந்த காப்பியில வேண்டியது வேண்டாதது எல்லாம் கலந்து கெடக்கும். வேண்டாத இண்ட்ரான வெட்டி எடுத்துட்டு மிச்ச எக்ஸான்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதுதான் ஸ்ப்ளைசிங். 1977-ல பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ரெண்டு பேரும் தனித்தனியா, சளிக்காய்ச்சல் குடுக்குற அடினோவைரஸ் ஒண்ண நோண்டறப்ப கண்டுபுடிச்சது, 1993-ல நோபல் கெடைச்சுது.

இதுல விசேஷம் என்னன்னா எல்லா எக்ஸானையும் எப்பவும் ஒட்டணும்னு கட்டாயம் இல்ல, எத சேக்கணும் எத தாண்டிப் போகணும்னு எடத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அத முடிவு பண்றதுக்குன்னு ஆர்என்ஏ மேல போய் ஒக்கார்ற புரதங்கள் இருக்கு. அதுல ஒண்ணுதான் ஆர்பிஎம்20. ஆர்பிஎம்னா ஆர்என்ஏவப் புடிக்கிற பகுதி உள்ள புரதம்னு அர்த்தம், 20 வெறும் வரிசை நம்பர், அதுக்கு பின்னாடி கதை எதுவும் இல்ல. இது 1,227 அமினோ அமிலம் (புரதத்த கோத்திருக்கற மணிங்க) நீளம், ஜீன் 10-வது குரோமோசோம்ல இருக்கு, முக்கியமா வேலை செய்யற எடம் இதயத் தசையும் எலும்புத் தசையும். ஆர்என்ஏல யுசியுயு-ங்கற எழுத்து வரிசை வர்ற எடமாப் பாத்து ஒக்காந்துகிட்டு, பெரும்பாலும் 'இந்த எக்ஸான் வேணாம், தாண்டிப் போ'ன்னு தடுக்கும். எதையும் அதுவா வெட்டாது, வெட்டுறது ஸ்ப்ளைசோசோம்ங்கற வேற ஒரு பெரிய கூட்டம். தோட்டத்துல வேலைய மேக்கற மண்டோர் உளியத் தொடாமலே எந்த மரத்த வெட்டணும் எத விடணும்னு சொல்லிட்டுப் போவாரே, அந்த மாதிரி.

இதோட பெரிய வாடிக்கையாளர் டைட்டின். மனுச ஒடம்புல இருக்கறதுலயே பெரிய புரதம் அது, ஜீன்ல மட்டும் 363 எக்ஸான், முழுசா ஒட்டுனா 34,000 அமினோ அமிலத்துக்கும் மேல போகும். தசை இழைக்குள்ள ஸ்பிரிங் மாதிரி இருந்து, இழுத்தா திரும்ப சுருங்க வைக்கறது இதுதான்.

நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அம்மா பால் மரம் வெட்டிட்டு வந்து ராத்திரியில லயத்துப் புள்ளைங்களுக்கு பாவாடை தச்சுக் குடுப்பாங்க. எலாஸ்டிக்க எங்க இடுப்புல சுத்திப் பாத்துட்டு, ரெண்டு விரக்கட கொறச்சு வெட்டி, நுனிய மெழுகுவத்தியில காட்டிட்டு, ஊக்குல மாட்டி கோத்து விடுவாங்க. கொறச்சு வெட்டுனாதான் இடுப்புல நிக்கும். கொழந்த வயித்துல இருக்கறப்ப இதயத்துல இருக்கற டைட்டின் நீளமா தொளதொளன்னு இருக்கும், பொறந்ததுக்கப்புறம் ஆர்பிஎம்20 நடுவுல நெறைய எக்ஸான்கள தாண்ட வெச்சு அத குட்டையாக்கி விறைப்பாக்குது. ஆர்பிஎம்20 சரியா வேலை செய்யலன்னா பெரியவங்க இதயத்துலயும் அந்த நீள எலாஸ்டிக்தான், பாவாடை நிக்காது, இதயம் தொளதொளத்து வீங்கிடும்.

அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஒரு வகை எலிங்களுக்கு டைட்டின் அளவுக்கு மீறி பெருசா இருந்துச்சு, ஏன்னு தேடிப் போனா இந்த ஜீன்ல ஒரு துண்டு காணோம். அத 2012-ல பெர்லின் ஆளுங்களோட சேந்து எழுதுனாங்க. அதுக்கு மூணு வருசம் முன்னாடியே, 2009-லயே, குடும்பம் குடும்பமா இதயம் வீங்குன மனுசங்க கிட்ட இந்த ஜீன் கோளாற பாத்திருந்தாங்க, ஆனா அது டைட்டின எப்படி தொடுதுங்கறது எலி வந்துதான் புரிஞ்சுது.

ஜிம் போற தம்பி: டைட்டின் நீளமா இருந்தா தசை ஸ்ட்ராங் ஆவாதாண்ணே?

ஆவாது. தொளதொளத்த எலாஸ்டிக் ஸ்ட்ராங்கா என்ன? அந்தப் பேர்ல பவுடர் எதாச்சும் விக்கறாங்கன்னா காச பத்திரமா வெச்சுக்கோ தம்பி.

லோரி ஓட்டுறவரோட தங்கச்சி: அண்ணனுக்கு 34 வயசு, இதயம் பெருசாயிருக்குன்னு ஈப்போவுல சொல்லிட்டாங்க. எங்கப்பாவும் 41-ல நெஞ்சு வலி கூட இல்லாம திடீர்னு போயிட்டாரு. ரெண்டு பேருமே குடிப்பாங்க, அதனாலதான்னு ஊரே சொல்லுது. அப்படியா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் உண்மையில எழுதவே ஒக்காந்தேன். எங்க தாய்மாமா ஒருத்தர், வாழ்க்கையில கள்ளு கூட வாயில வெச்சதில்ல, செம்பனை குலை வெட்டுற வேலை. மூச்சு வாங்குது கால் வீங்குதுன்னு ஒரு கிளினிக்குக்கு போனாரு, அங்க அவர கேக்காமலே கார்டுல குடிப்பழக்கம்னு எழுதிட்டாங்க, தோட்டத்து ஆளுன்னா சம்சு சாராயம்தான்னு அவங்களே முடிவு பண்ணிகிட்டாங்க. அதுக்கப்புறம் குடும்பத்துல வேற யாரையும் கூப்பிட்டு பாக்கணும்னு யாருக்கும் தோணல, குடின்னு எழுதியாச்சுன்னா அதோட கேள்வி முடிஞ்சிடுது பாருங்க.

நெஜம் என்னன்னா, வருசக்கணக்குல அதிகமா குடிச்சா இதயத் தசை கெடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா குடிச்சு இதயம் வீங்குனவங்கள்லயே சில பேருக்கு டைட்டின் ஜீன்லயும் கோளாறு இருக்கறத பாத்திருக்காங்க, ஆக ஜீனும் காரணம் சாராயமும் காரணம்னு ரெண்டும் சேந்து இருக்கலாம். ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு இல்லன்னு ஆயிடாது. அண்ணன் குடிய நிறுத்தித்தான் ஆகணும், அது தனி.

உங்க வீட்டுல ரெண்டு தலைமுறையில ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் 41 வயசுல திடீர் சாவு. ஆர்பிஎம்20 கோளாறுல இந்த மாதிரி பாக்கறதுண்டு, ஏன்னா அது டைட்டினோட நிக்கறதில்ல. இதயத் துடிப்புக்கு கால்சியத்த தொறந்து மூடுற கேம்கே2டி, ரையர்2 மாதிரி ஜீன்களோட ஆர்என்ஏவயும் அதுதான் ஒழுங்கு பண்ணுது, அது கெட்டா துடிப்பு தாறுமாறா ஓடும், இதயம் ரொம்ப வீங்கறதுக்கு முன்னாடியே கூட. ஆம்பளைங்களுக்கு சின்ன வயசுலயே கடுமையா வருதுன்னும் பாத்திருக்காங்க. இதயம் வீங்குன எல்லாருக்கும் ஆர்பிஎம்20 கெட்டிருக்குன்னு நெனச்சிடாதீங்க, நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் இது, டைட்டின் ஜீனே உடைஞ்சு போனவங்கதான் இதவிட ரொம்ப அதிகம்.

நீங்க செய்ய வேண்டியது: அண்ணன் கூடப் பொறந்தவங்க நீங்க எல்லாரும், அண்ணன் புள்ளைங்களும், ஈசிஜியும் எக்கோவும் எடுங்க. எக்கோ வலிக்காது, நெஞ்சுல ஜில்லுன்னு ஜெல்லி தடவி ஒரு கட்டைய வெச்சு உருட்டுவாங்க, ஸ்கிரீன்ல இதயம் அடிக்கறது தெரியும், எத்தன சதவீதம் ரத்தத்த வெளிய தள்ளுதுன்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க, 55-க்கு மேல இருந்தா பொதுவா நல்லதுதான். இன்னிக்கு நல்லா இருந்தாலும் சில வருசத்துக்கு ஒருக்கா திரும்ப எடுக்கணும். அண்ணனுக்கு ஜீன் டெஸ்ட்டுல கோளாறு எங்கன்னு தெரிஞ்சிட்டா மத்தவங்களுக்கு அந்த ஒரே எழுத்த மட்டும் பாத்தா போதும். டாக்டர் கிட்ட போறப்ப அப்பா எத்தன வயசுல, எப்படி போனாருங்கறத மறக்காம சொல்லுங்க, அவங்க கேக்கலன்னாலும் சொல்லுங்க.

பேர் போட வேணாம்னு சொன்ன அக்கா: நாங்க மாமன் மகள் கட்டுன குடும்பம், அதனாலதான் இந்த நோய்னு மாமியார் வீட்டுல பேசறாங்க.

ஆர்பிஎம்20-க்கு அது பொருந்தாதுக்கா. அம்மா கிட்டேருந்து ஒரு காப்பி அப்பா கிட்டேருந்து ஒரு காப்பி, ரெண்டுல ஒண்ணு கெட்டாலே நோய் வரலாம், ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்க அலோர்ஸ்டார் போயி முன்ன பின்ன தெரியாத குடும்பத்துல கட்டியிருந்தாலும் அதே கணக்குதான். சொந்தத்துல கட்டுனா கூடுறது, ரெண்டு காப்பியும் கெட்டாத்தான் வர்ற நோய்ங்க, அது வேற ரகம். புள்ளைக்கு அந்தக் கோளாறு வந்திருந்தாலும் எந்த வயசுல காட்டும், எவ்வளவு காட்டும்னு ஒரே வீட்டுக்குள்ளயே ஆளுக்கு ஆள் மாறும். மாமியார் கிட்ட இத நான் சொன்னேன்னு சொல்லுங்க, இல்ல வேணாம், சொல்லாதீங்க.

முருங்கக் கீரை, பாகற்காய் சாப்பிட்டா இந்த புரதம் சரியாகுமா?

ஆகாது. ஜீன்ல எழுத்து மாறினத கீரை மாத்தாது. கீரை நல்லது, சாப்பிடுங்க.

தலைமையாசிரியர் ஒருத்தர்: என் ரிப்போர்ட்டுல ஆர்பிஎம்20-ல ஒரு மாற்றம் இருக்கு, ஆனா 'முக்கியத்துவம் தெளிவில்லை'ன்னு போட்டிருக்கு. இது இருக்குன்னு அர்த்தமா இல்லன்னு அர்த்தமா?

ரெண்டும் இல்ல சார். எல்லார் ஜீன்லயும் எழுத்துப் பிழை ஆயிரக்கணக்குல இருக்கு, முக்கால்வாசி எந்தத் தொந்தரவும் பண்ணாது. உங்களுக்கு வந்தது குத்தவாளின்னு சொல்ல சாட்சி பத்தல, நிரபராதின்னு விடவும் சாட்சி பத்தலன்னு லேப் சொல்லுது. இத வெச்சுகிட்டு புள்ளைங்களுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்து பயமுறுத்த வேணாம், ஆனா உங்களுக்கு இதயத்துல கோளாறு இருந்தா அவங்களுக்கு எக்கோ மட்டும் எடுங்க.

இதுல பிழை எந்த எடத்துல இருக்குங்கறது பெரிய விசயம். 634-லேருந்து 638 வரைக்கும் வரிசையா அஞ்சே அஞ்சு அமினோ அமிலம், எக்ஸான் 9-ல, அந்த சின்ன எடத்துலதான் மோசமான மாற்றங்க கொத்துக் கொத்தா வருது. ஏன்னா புரதத்த செல்லோட உட்கருவுக்குள்ள, அதாவது ஜீன் இருக்கற அறைக்குள்ள, கூட்டிட்டுப் போறதுக்கு அந்த எடம் வேணும். ஸ்ப்ளைசிங் நடக்கறது உட்கருவுக்குள்ள, அங்க போக முடியாத ஆர்பிஎம்20 வெளியிலயே நின்னு கட்டி கட்டியா சேந்துடுது. உள்ள வேலையும் நடக்கல, வெளியில அடைப்பும் ஆச்சு. மண்டோர் லீவுன்னா ஒரு நாள் வேலை கெடும், மண்டோரே லாரி வழியில படுத்துகிட்டா? 2020-ல பன்றிங்களுக்கு 636-ம் எடத்துல மாத்திப் பாத்தப்பவும் இதே கட்டிங்களத்தான் பாத்தாங்க. உங்க ரிப்போர்ட்டுல பி-ன்னு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு நம்பர் இருக்கும், அது அந்த அஞ்சுக்குள்ளயா வெளியிலயான்னு ஜெனடிக்ஸ் டாக்டர் கிட்ட கேளுங்க. அடுத்தடுத்த வருசங்கள்ல லேப் இந்த தீர்ப்ப மாத்தவும் செய்யும், அதனால ரிப்போர்ட்ட தூக்கிப் போட்டுடாதீங்க.

படிவம் 4 பையனோட அம்மா: ஸ்கூல்ல ரத்தம் எடுத்து தாலசீமியா கேரியர்னு சொன்னாங்க. இதுவும் நீங்க சொன்ன வெட்டி ஒட்டுறதுல வர்ற கோளாறா?

பல பேருக்கு ஆமாம்மா. நம்ம இந்தியர்கள் கிட்ட அதிகமா இருக்கற பீட்டா தாலசீமியா மாற்றம் ஒண்ணு, ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினோட ஒரு பாகமான பீட்டா குளோபின் ஜீனோட முதல் இண்ட்ரான்ல அஞ்சாவது எழுத்து ஜி-க்கு பதிலா சி. இங்க வெட்டுன்னு காட்டுற அடையாளம் மங்கிடுது, அதனால சரியான எடத்துல வெட்டு விழறது ரொம்ப கொறஞ்சு போகுது. ஹீமோகுளோபின் ஈ-ங்கற இன்னொரு மாற்றத்துலயும் கொஞ்சம் இதே கதைதான். ஆனா ஆர்பிஎம்20-ல வெட்டச் சொல்ற ஆளே கெட்டுப் போறாரு, அதனால பல ஜீன் பாதிக்குது. தாலசீமியாவுல ஆளு நல்லாத்தான் இருக்காரு, மரத்துல போட்ட ஒரு கோடு அழிஞ்சு போச்சு. உங்க பையன் கேரியர்தான், ரெண்டு காப்பியில ஒண்ணு மட்டும் கெட்டவன், நோயாளி இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணோட ரத்தத்தையும் பாத்துட்டா போதும்.

தாசேக் பக்கத்துலேருந்து ஒரு மனைவி: வீட்டுக்காரருக்கு இதயம் தேறி நம்பர் 57-க்கு வந்துடுச்சு, மாத்திரைய நிறுத்திட்டாரு. பரவால்லயா?

இல்லீங்க. லண்டன்ல இத டெஸ்ட் பண்ணியே பாத்தாங்க, இதயம் வீங்கி அப்புறம் நல்லா தேறுன 51 பேர எடுத்து, 25 பேருக்கு டாக்டருங்க கண்காணிப்புலயே மாத்திரைய மெள்ள நிறுத்துனாங்க, 26 பேர அப்படியே சாப்பிட விட்டாங்க. ஆறு மாசத்துல நிறுத்துன 25 பேர்ல 11 பேருக்கு திரும்ப வந்துடுச்சு, சாப்பிட்டவங்க 26 பேர்ல ஒருத்தருக்கும் வரல. நம்பர் 57-க்கு வந்ததே மாத்திரையாலதான். இந்த வாரமே கூட்டிட்டுப் போயி டாக்டர் கிட்ட நிறுத்திட்டோம்னு உண்மைய சொல்லுங்க, திட்டுனா வாங்கிக்கலாம்.

ரிட்டயர் ஆன கிராணி ஐயா: எலிக்கும் பன்றிக்கும் செய்யறீங்க, மனுசனுக்கு எப்ப?

ஐயா, எலி வரைக்கும் நல்ல சேதி இருக்கு. 2022-ல டெக்சஸ்ல ஒரு குழு, ஆர்பிஎம்20-ல அந்த கெட்ட எடத்துல ஒரே ஒரு எழுத்த மட்டும் திருத்தற கருவிய வைரஸ்ல ஏத்தி எலிக்குட்டிங்களுக்கு குடுத்தாங்க. புரதம் மறுபடி உட்கருவுக்குள்ள போச்சு, இதயமும் தேறுச்சு. மனுச இதயத்துல இருக்கறது எத்தனையோ கோடி செல்லு, அத்தனைக்கும் கருவிய கொண்டு போய் சேக்கணும், வேற எடத்துல கை வைக்காம இருக்கணும், அதுதான் இழுக்குது. இன்னிக்கு கையில இருக்கறது மாத்திரைங்களும், துடிப்பு தாறுமாறா போறவங்களுக்கு நெஞ்சுல வைக்கிற ஷாக் குடுக்குற சின்ன மெஷினும்தான். உங்க பேத்திக்கு எக்கோ தேதி குடுத்திருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க, அன்னிக்கு நான் ஊர்லதான் இருப்பேன், காடி இருக்கு, கூட்டிட்டுப் போறேன்.