பேய்க்கு வெள்ளைச் சேலை எதற்கு?

கேள்வி: நாங்கள் உயர்தரம் படிக்கும் ஏழு பேர். பத்து நிமிடத் திகில் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறோம். நாவலடியில் சுனாமியில் இடிந்த ஒரு வீட்டில், இரவில் எடுப்பதாகத் திட்டம். வெள்ளைச் சேலைப் பேய், இரத்தம் எல்லாம் உண்டு. ஆனால் குழுவில் உள்ள இரண்டு மாணவிகள் ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். கைப்பேசியைத் தவிர வேறு கமரா இல்லை. எப்படித் தொடங்கலாம்?
– மாணவர் ஒருவர், கல்லடி

பதில்: தம்பி, முதலில் நாவலடியை விட்டுவிடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். இடிந்த அந்தச் சுவருக்குள் நீங்கள் பேய் வேடம் கட்டி ஓடுவதை அவர்களில் ஒருவர் பார்க்க நேர்ந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? யார் அனுமதி தந்தாலும் வேண்டாம்.

வெள்ளைச் சேலையையும் மடித்து வையுங்கள். அதைப் பார்த்து இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். 'மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்' என்று வெளியூரார் நம்மைப் பற்றிக் கதை கட்டியிருக்கிறார்களே, கையில் இப்படியொரு கதை இருக்கும்போது நீங்கள் எதற்குப் பேயைக் கடன் வாங்குகிறீர்கள்? வெளியூர் நண்பன் ஒருவன் விருந்துக்கு வருகிறான். உண்ட களைப்பில் பன்பாயில் சரிகிறான். எழும்ப முடியவில்லை. வீட்டுக்காரர்கள் எதுவும் நடவாததுபோல் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒரே அறை போதும், பட்டப்பகலில் எடுக்கலாம், மாணவிகளும் நேரத்தோடு வீடு போய்விடுவார்கள்.

யன்னலை இன்னொரு பாயால் மறைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம் விடுங்கள். கைப்பேசி தானாகவே இருட்டை வெளிச்சமாக்கப் பார்க்கும். அப்போது படம் புள்ளி புள்ளியாகிவிடும். எனவே நடிகரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். குழல் விளக்கின் கீழ் எடுப்பதானால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கனில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், வேறு வேகத்தில் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும்.

ஆனால் பயம் காது வழியாகத்தான் வரும். மாணவர் படங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது சத்தத்தில்தான். இன்னொரு கைப்பேசியை நடிகரின் தலைமாட்டில், கமராவுக்குத் தெரியாமல் வைத்துக் குரலைத் தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது சுலபம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, அறையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பல்லி சொன்னால் அதிர்ஷ்டம்! இணையத்தில் கிடைக்கும் திகில் இசையைத் தொடாதீர்கள்.

நம் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காது வைப்பார்கள் அல்லவா? உங்கள் விருந்தாளிக்கும் பாயில் ஒட்டிய காதுக்கு அடியிலிருந்து அப்படி ஏதோ கேட்கட்டும். அது என்னவென்று கடைசிவரை சொல்லாதீர்கள். ஒலிக்காக இரவில் தோணி ஏற வேண்டாம். அந்த வாவியில் முதலையும் உண்டு.

படத்தைத் தொகுத்து முடித்ததும், கதை தெரியாத இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் ஒருவர் தன் கைப்பேசியை எடுக்கிறாரோ, அந்த இடத்தை ஈவிரக்கமில்லாமல் வெட்டுங்கள். பத்து நிமிடம் ஆறாகச் சுருங்கினாலும் பரவாயில்லை.