அமெரிக்காவில் ரூம்மேட்டோடோ, திருமணமாகாத துணையோடோ ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தால் ஒரே ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் போதுமா?

ரூம்மேட் என்றால் ஆளுக்கொரு பாலிசி எடுங்கள். சேர்ந்து வாழும் ஜோடி என்றால் ஒன்றே போதும், ஆனால் இரண்டு பேர் பெயரும் அதில் இருக்க வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிற இடம் இது.

வீட்டுக்காரர் எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத்தான். உங்கள் கட்டில், லேப்டாப், துணிமணிக்கு அதில் காசு வராது. அதற்குத்தான் ரென்டர்ஸ் பாலிசி. அது யாருக்கெல்லாம் செல்லும்? வழக்கமாக, பெயர் போட்டவருக்கும் அவரோடு அதே வீட்டில் வசிக்கும் உறவினருக்கும். கணவனோ மனைவியோ தானாகவே சேர்ந்துவிடுவார்கள். ரூம்மேட் உறவினர் இல்லை. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், திருமணம் ஆகாத துணையும் பெரும்பாலான பாலிசிகளில் உறவினர் கணக்கில் வரமாட்டார். லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இது மாறாது.

நான் முன்பு இருந்த அபார்ட்மென்டில், மேல் வீட்டில் அடுப்பில் வைத்த எண்ணெய் தீப்பிடித்து, தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் திறந்து, கீழ் வீடு முழுக்கத் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழே இருந்தது மூன்று மாணவர்கள். வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ் கேட்டதே என்று ஒருவன் பெயரில் பாலிசி எடுத்து, பிரீமியத்தை மூவரும் பங்கு போட்டுக் கட்டிவந்தார்கள். கிளெய்ம் கிடைத்தது அந்த ஒருவனுடைய பொருளுக்கும், அவனுடைய ஹோட்டல் செலவுக்கும் மட்டும். இன்னொருவன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே, "நானும் மாசாமாசம் காசு கொடுத்தேனே அண்ணா" என்றான். எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

அப்படியானால் ரூம்மேட்கள் எல்லார் பெயரையும் ஒரே பாலிசியில் போடலாமே என்று கேட்பீர்கள். சில கம்பெனிகள் அனுமதிக்கும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒருவர் கிளெய்ம் செய்தால் அது மற்றவர் பெயரிலும் பதிவாகும். அந்தப் பதிவு 7 வருடம் வரை நிற்கலாம். பின்னால் நீங்கள் வீடு வாங்கி இன்சூரன்ஸ் கேட்கும்போது அதைப் பார்ப்பார்கள். பொருளுக்கான மொத்தத் தொகையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இதைவிட முக்கியம், பாலிசியில் பெயர் உள்ளவரே உங்கள் பொருளைத் திருடினால் இன்சூரன்ஸ் தராது. அவருடைய நாய் உங்களைக் கடித்தாலும் அதே கதைதான். தனி பாலிசி பொதுவாக மாதம் 15, 20 டாலருக்குள் கிடைக்கும்போது இந்தச் சிக்கல் எதற்கு?

ஜோடிக்கு நிலைமை வேறு. டிவி, சோபா எல்லாம் சேர்ந்து வாங்கியதாக இருக்கும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒரே பாலிசி சரி. கம்பெனிக்கு போன் செய்து, துணையையும் பாலிசிதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாக வரும் பாலிசித் தாளில் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை செல்லாது. பிரிய நேர்ந்தால் வீடு மாறும் அன்றே பெயரை மாற்றிவிடுங்கள்.

பொருளை மட்டும் யோசிக்காதீர்கள். வடை சுடும்போது சமையலறை தீப்பிடித்தால் வீட்டுக்காரருடைய இன்சூரன்ஸ் கம்பெனி அந்தச் செலவை உங்களிடமே கேட்கலாம். அதற்குத்தான் லயபிலிட்டி என்ற பகுதி. பெரும்பாலும் 1,00,000 டாலரிலிருந்து தொடங்கும். வெள்ளமும் நிலநடுக்கமும் வழக்கமான பாலிசியில் கிடையாது.

அப்புறம் தங்கம். நகை திருடுபோனால் பல பாலிசிகளில் மொத்தமாகவே 1,500 டாலர் போலத்தான் வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சங்கிலிக்கே அது காணாது. நகையைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்க முடியும், கொஞ்சம் பிரீமியம் கூடும். மதிப்பீட்டுச் சீட்டு கேட்பார்கள். கடை ரசீதையும் போட்டோவையும் உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.