வீட்டுத் தையலுக்குக் கடன் வாங்கி இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். வெட்டிய துணியை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து தருவார். நூல், ஊசி, மின்சாரம், இயந்திரப் பழுது எல்லாம் என் செலவு. கடன் வாங்கி வேகமான இயந்திரம் வாங்கினால் வருமானம் உயருமா?

பதில்: கடனைப் பற்றிப் பேசுமுன், இப்போது உங்கள் கையில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு நாள் கூலி 100 என்றும், தைத்த நேரம் 6 மணி என்றும் வைத்துக்கொண்டால், மணிக்குப் பதினாறுக்கு மேல் கிடைப்பதாகத் தோன்றும். நூல், ஊசி, மின்சாரம், பழுது ஆகியவற்றுக்கு 25 போனால் மிச்சம் 75. மூட்டையைப் பிரித்து அளவு வாரியாக அடுக்கவும், நிறம் மாறும்போதெல்லாம் நூலை மாற்றிக் கோக்கவும், தைத்ததைப் பிசிறு வெட்டி எண்ணிக் கட்டவும் இன்னும் 2 மணி நேரம் போயிருக்கும். 75-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு ஒன்பது சொச்சம்தான். வேகமான இயந்திரம் தைக்கும் நேரத்தை மட்டுமே குறைக்கும். வேலை வராத வாரத்திலும் தவணை கட்டியாக வேண்டும்.

இந்தச் செலவுகள் உங்கள் தலையில் விழுவது இயல்பானது என்று நான் கருதவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுவழி வேலைக்கென 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கருவியும் மூலப்பொருளும் யாருடையவையாக இருந்தாலும், வேலை கொடுப்பவர் சொன்னபடி கூலிக்குச் செய்து தருபவரை அது தொழிலாளியாகவே கொள்கிறது. இடைத்தரகர் வழியாகக் கொடுத்தாலும், வேலை கொடுப்பவர் முதலாளியே. அதனுடன் வந்த 184-ஆம் பரிந்துரை, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு போன்ற செலவுகளுக்கும், பிரித்தல், அடுக்குதல், கட்டுதல் ஆகியவற்றில் கழியும் நேரத்துக்கும் ஈடு தர வேண்டும் என்கிறது. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகள் சிலவே. பரிந்துரையோ எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. 2019-இல் உலகெங்கும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 26 கோடிப் பேர் என்று அதே அமைப்பு கணித்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த மெத்தனம் வியப்பளிக்கிறது. எனினும், ரேட் பேச உட்காரும்போது எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு அந்தப் பரிந்துரையின் பட்டியல் நல்ல துணை.

ஆகவே மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை வந்த தேதி, எண்ணிக்கை, பேசிய ரேட், சொந்தச் செலவு, திருப்பி அனுப்பிய உருப்படிகள், பிடித்த தொகை, பணம் கைக்கு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் கொண்டுவருபவரிடமே கையொப்பம் வாங்குங்கள். கூலித் தகராறு எழுந்தால் உங்கள் பக்கம் நிற்கக்கூடிய சான்று அநேகமாக அதுவாகவே இருக்கும். வேலை மிகக் குறைந்த மாதத்திலும் வீட்டுச் செலவு போக எஞ்சும் பணத்தில் தவணை அடங்கினால் இயந்திரம் வாங்கலாம். அந்தக் கடனை ஒப்பந்தக்காரரே முன்பணமாகத் தருவதாகச் சொன்னால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இப்போதே மறுத்துவிடுங்கள். அவருக்குக் கடன்பட்டபின் ரேட்டை உயர்த்திக் கேட்கவோ வேறொருவரிடம் வேலை வாங்கவோ உங்களால் இயலாது.