கூரைப் பீலியை அறுக்க முன் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: உப்புவெளியில் அப்பா கட்டிய வீட்டை 2009இல் அக்காவுக்கும் எனக்கும் எழுதித் தந்தார். நடுவில் சுவர் வைத்து இரண்டு குடும்பமாக இருக்கிறோம், கூரை ஒன்றுதான். போன ஆவணியில் அத்தான் வீட்டு வேலை செய்யும் ஒரு பாஸைப் பிடித்துப் பின்பக்கம் முழுவதும் கூரைத் தண்ணீர் ஓடப் பிவிசி பீலி போட்டார். 160,000 ரூபாயில் பாதி நான் கொடுத்தேன். மாரி தொடங்கியதிலிருந்து முழுக் கூரைத் தண்ணீரும் என் குசினிச் சுவரில் ஊற்றுகிறது. பாஸ் போன் எடுக்கிறாரில்லை. “எங்கட பக்கம் சரியாத்தானே இருக்கு” என்கிறார் அத்தான். வழக்குப் போடலாமா? என் பக்கத்துப் பீலியை அறுத்துவிடலாமா? என் பாதியை மகளுக்குச் சீதனமாக எழுதவும் இருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். அத்தான் சாமத்திய வீட்டுக்கு வராதது, அக்கா வாசலில் நின்று பேசியது, பாஸ் அத்தானின் ஊர்க்காரர் என்பது எல்லாவற்றையும் வாசித்தேன். எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது. நாலாம் பக்கத்து அடியில், உறுதியைப் பார்த்து நீங்கள் எழுதிய இரண்டு சொல்தான் விஷயம்: “பிரிபடாத அரைப்பங்கு”.

சுவர் நீங்கள் வைத்தது. உறுதிக்கு அந்தச் சுவரைத் தெரியாது. முழு வீட்டிலும், முழுக் கூரையிலும், அந்த நாற்பதடிப் பீலியின் ஒவ்வோர் அங்குலத்திலும் உங்களுக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி. “என் பக்கத்துப் பீலி” என்று ஒன்று கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் பிரிந்துதானே இருக்கிறோம், என் பக்கம் எனக்கே சொந்தமாகியிருக்காதா என்பீர்கள். கூட்டுச் சொந்தக்காரருக்கு இடையில் வருடக் கணக்கு மட்டும் போதாது. மற்றவரின் உரிமையை மறுத்து, அது அவருக்கும் தெரியும்படி ஆண்டதாக நிரூபிக்க வேண்டும். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும் அக்கா தங்கச்சிக்கு அது லேசில் வராது.

பாஸின் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்கு வைக்கலாம். ஆனால் பாஸோடு பேசியது அத்தான், காசைக் கையில் கொடுத்ததும் அத்தான். அவர் உங்களுக்குமாகத்தான் பேசினார் என்று சாட்சி சொல்ல வேண்டியவரும் அவரேதான். இன்று பகைத்துக்கொண்டால் நாளை அந்தச் சாட்சி இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும், அது போய்விட்டது.

நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். தண்ணீர் உங்கள் மூலைக்கு வருவது பிழையில்லை, எங்காவது ஒரு பக்கம் இறங்கத்தானே வேண்டும். நாற்பதடிக்கும் சேர்த்து அந்த மூலையில் இரண்டங்குலக் குழாய் ஒன்றே ஒன்று இறங்குவதுதான் பிழை. நடுவில் தாங்கி போதாமல் பீலி தொய்ந்து, மைனா இறங்கிக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெரிய மழைக்கு அது விளிம்பால் வழிந்து சுவரில் இறங்காமல் என்ன செய்யும்? அக்கா செய்த சதி அதில் ஒன்றும் இல்லை.

இனி எனக்குப் பயமான விஷயம். மகன் பீலி அறுக்க அரிவாளல்ல, மரம் அறுக்கிற வாளோடு நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்: தனக்கும் பிறருக்கும் சேர்ந்து சொந்தமான பொருளைச் சேதப்படுத்தினாலும் அது குற்றம். பீலியை அறுத்த அன்று பின்னேரமே அத்தான் பொலிசில் நிற்பார். அடிபிடி வரும் என்று பொலிசார் கண்டால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் காணிப் பிணக்காகப் பதிந்து நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே யார் நல்லவர் என்று பார்ப்பதில்லை. யார் அனுபவித்து வந்தார், யார் குழப்பினார் என்றுதான் பார்ப்பார்கள். இன்று நனைகிற சுவர் உங்களுடையது. அன்று குழப்பினவரும் நீங்களாகிவிடுவீர்கள்.

அதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. கோபத்தில் யாராவது ஒருவர் “அப்ப பிரிச்சுத் தா” என்று மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போட்டுவிடுவார். என்னிடம் வந்த அண்ணன் தம்பி இருவர் கிணற்றடி வாய்க்கால் ஒன்றுக்காக இப்படித் தொடங்கினார்கள். நில அளவையாளர் வந்து படம் கீறினார். அவர்கள் மறந்தே போயிருந்த ஒரு சித்தப்பாவின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பங்கு கேட்டு வந்தார்கள். வாய்க்கால் தூர்ந்துபோனது, வழக்கு இருந்தது. பிரிக்க முடியாத வீடென்றால் நீதிமன்றம் விற்கச் சொல்லும். ஒரே கூரை வீட்டை எப்படிப் பிரிப்பார்கள்?

உங்களுக்குச் சுடப்போவது இதுதான்: 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி (இதுவும் 66தான், குழம்ப வேண்டாம்), அந்த வழக்கு காணிப் பதிவகத்தில் பதிவானால் அது முடியும்வரை உங்கள் பங்கை எழுதிக்கொடுக்க முடியாது. மகளின் சீதன உறுதி அங்கேயே நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை வருடம் காத்திருப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். நல்ல பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வாட்டம் வைத்து, பத்தடிக்குக் கால் அங்குலமாவது இறக்கி, அக்கா பக்கம் இன்னொரு குழாய் போடச் சொல்லுங்கள். கழற்றுமுன் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி வீடியோ எடுத்து வையுங்கள், பழைய பாஸ் அகப்பட்டால் உதவும். செலவில் பாதியை அக்கா தந்தால் நல்லது. தராவிட்டாலும் முழுவதையும் நீங்களே போடுங்கள். பொதுச் சொத்தைக் காக்கச் செய்த அவசியமான செலவில் அவர் பங்கைப் பிறகும் கேட்கலாம், பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அக்காவின் சம்மதத்தை ஒரு வட்ஸ்அப் செய்தியிலாவது வாங்கி வையுங்கள்.

அவர் அதற்கும் மறுத்தால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். எங்களைப் போன்ற சட்டத்தரணிகளை அங்கே உள்ளே விடமாட்டார்கள், உங்கள் விஷயத்துக்கு அது நல்லது. அங்கே அத்தானின் சாமத்திய வீட்டுக் கதையை எடுக்காதீர்கள். குசினிச் சுவரின் படமும் பாஸ் ஒருவர் எழுதித் தந்த செலவுக் கணக்கும் போதும்.

பீலி சரியாகி, இரண்டு வீட்டிலும் மறுபடி தேத்தண்ணி குடிக்கிற நிலை வந்ததும், அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போய்ச் சம்மதத்தோடு பிரிவினை உறுதி முடியுங்கள். நில அளவைப் படத்தில் அந்த நடுச்சுவரும், எந்தக் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதும் வரட்டும். மகளுக்கு எழுதுவது அதற்குப் பிறகு.